ஐந்து கிராம் மிச்சம்

கேஸ் டப்பாவை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் தராசுக்காரர். பேசும்போது வலது கை மட்டும்தான் ஆடுகிறது. இடது கை உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள், மனிதர் காய்ச்சல் பார்க்கிறார் போலிருக்கிறது என்று முதலில் நினைப்பார்கள். அப்புறம் சட்டைக்குப் பக்கத்தில் எட்டிப் பார்க்கும் தகர விளிம்பைக் கண்டு, கேட்கலாமா வேண்டாமா என்று புரியாமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கேட்காவிட்டாலும் அவரே சொல்லிவிடுவார். "கூச்சப்படுதுங்க. உள்ள இன்னும் அஞ்சு கிராம் இருக்கு, வெளிய வர மாட்டேங்குது. கொஞ்சம் சூடு காட்டுனா வந்துடும்."

டப்பா என்றால் சமையலறையில் நிற்கிற பெரிய சிலிண்டர் இல்லை. காட்டில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் குட்டி அடுப்பின் அடியில் திருகி மாட்டுவார்களே, சொம்பு அளவில், அது. தீர்ந்தால் மறுபடி நிரப்ப முடியாது. வீட்டுக் குப்பையிலும் போடக் கூடாது. குப்பை வண்டி எல்லாவற்றையும் சேர்த்து நசுக்கும். உள்ளே கொஞ்சம் கேஸ் மிச்சமிருந்தாலும் டமார் என்று போய்விடும். குப்பைக் கிடங்கில் இதைத் தனியாக வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் சொட்டு கேஸ் இல்லாமல் எரித்துத் தீர்த்து, திறந்த வெளியில் வைத்து ஓட்டை போட்டுக் கொண்டுவர வேண்டும். ஓட்டை இருந்தால் அது பழைய தகரம், இல்லாவிட்டால் வெடிகுண்டு. நடுவில் எதையும் கிடங்குக்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. ஓட்டை போடுவதற்கென்றே கைக்கு அடக்கமாக ஒரு கருவி விற்கிறது. தராசுக்காரர் அதை வாங்கி வருஷக்கணக்காகிறது. இன்னும் உறை பிரிக்கவில்லை.

தராசு பழுது பார்ப்பது அவர் தொழில். வீட்டுக்குக் கீழேயே பட்டறை. காய்கறிக் கடை, தபால் நிலையம், நகைக் கடை என்று எதையாவது நிறுத்துக் கொடுத்துப் பிழைக்கிறவர்கள் எல்லாரும் ஒரு நாள் அவர் மேசைக்கு வந்தாக வேண்டும். எடைக்கற்களை விரலால் தொட மாட்டார். வியர்வை ஒட்டிக்கொள்ளுமாம், இடுக்கியால்தான் எடுப்பார். கல்லைத் தட்டில் வைத்ததும் மூச்சை அடக்கிக்கொள்வார். எதிரே நிற்கிறவரும் அடக்க வேண்டும். இருமினால் ஒரு முறை முறைப்பார். அவர் ஒட்டிய சிவப்பு வில்லை ஒரு தராசில் இருந்துவிட்டால் வாங்குகிறவர்கள் முள்ளைக்கூடப் பார்ப்பதில்லை. "தராசு சார் பாத்துட்டாரா? அப்ப சரி." இந்த ஒரு பேச்சைச் சம்பாதிப்பதற்குள் அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

பாத்திரத்தைக் கழிக்காமல் யாராவது எதையாவது நிறுத்தால் அவருக்குப் பொறுக்காது. காய்கறிக்காரர் கூடையோடு தட்டில் வைத்தால், எதிர்ப்பக்கத்திலிருந்தே குரல் கொடுப்பார்: "கூடையக் கழிச்சீங்களா?" மருத்துவமனை எடை இயந்திரத்தில் ஏறுவதற்கு முன்னால் செருப்பு, மூக்குக் கண்ணாடி, சாவிக்கொத்து எல்லாவற்றையும் நர்ஸ் கையில் ஒப்படைப்பார். பக்கத்து வீட்டு மருந்துக் கடைக்காரருக்குக் குழந்தை பிறந்தபோது, பார்க்கப் போனவர்கள் எல்லாரும் மூக்கு அப்பன் சாயலா, கண் அம்மா சாயலா என்று ஆராய்ந்துகொண்டிருக்க, இவர் மட்டும் நர்ஸின் பின்னாலேயே போனார். "எடை சொன்னீங்களே, போர்வையக் கழிச்சீங்களா?" அந்தப் பெண் மறுபடி நிறுத்துச் சொல்லும்வரை ஆள் நகரவில்லை. குழந்தை ஒரே நிமிஷத்தில் இளைத்துப்போனது. பெற்றவளுக்கு அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் மாதம் ஒரு தடவை கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போவார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் போகிறார். மனைவி கூடவே போவார். மருந்துக் கடைக்காரர் தன் பங்குக்கு ஒரு கூடாரத்தோடு சேர்ந்துகொள்வார். சமையல் முழுக்க இவர் பொறுப்பு. ஒரு வேளைக்கு இவ்வளவு என்று அரிசி முதல் உப்புவரை நிறுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார். மற்றவர்கள் மலையைப் பார்த்து ஆ என்று வாயைப் பிளந்துகொண்டிருக்கும்போது, இவர் குட்டி அடுப்பின் முன்னால் குந்தி நீலச் சுடரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏன் அண்ணே, இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பித்தான் பாருங்களேன் என்றால், "மலை எங்கயும் போயிடாது தம்பி. அடுப்புதான் அணைஞ்சிடும்" என்பார்.

கிளம்புவதற்கு முந்தின நாள், தன்னுடையதோ மருந்துக் கடைக்காரருடையதோ, புது டப்பாவின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, திருகு வாயில் தூசி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தராசில் வைப்பார். உள்ளே எவ்வளவு கேஸ் என்று டப்பாவின் மேலேயே அச்சடித்திருக்கும். அதைக் கழித்தால் வெறும் டப்பாவின் எடை. அந்த எண்ணை டப்பாவின் அடியில் மையால் எழுதிவிடுவார். திரும்பி வந்ததும் கொல்லைப்புறத்தில் அடுப்பை மாட்டி, சுடர் சுருங்கித் தானாக அணையும்வரை எரியவிடுவார். பத்திரத்துக்காக மூடியை இறுகப் போட்டு, மறுபடி தராசில் ஏற்றுவார். அடியில் எழுதியதைவிட ஐந்து கிராம் கூடுதலாகக் காட்டும். எந்த டப்பாவானாலும் ஐந்துதான்.

வேறு யாராவது என்றால் எங்கேயோ இடிக்கிறதே என்று யோசித்திருப்பார்கள். இவர் அதற்கு ஒரு தத்துவம் கண்டுபிடித்தார். "எந்தப் பொருளும் தன்ன முழுசா விட்டுக்கொடுக்காது. கடைசி அஞ்சு கிராம் அதோட மானம்." அடுப்பு பற்றவே மாட்டேன் என்கிறதே அண்ணே என்று மருந்துக் கடைக்காரர் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். "அடுப்பு பொய் சொல்லும் தம்பி. தராசு சொல்லாது." அதற்குமேல் தம்பி வாயைத் திறக்கவில்லை. தன் கடையில் இருக்கிற அத்தனை தராசிலும் சிவப்பு வில்லை ஒட்டியவர் சொல்கிறார், எதிர்த்துப் பேச முடியுமா? அவரும் தன் டப்பாக்களை ஓட்டை போடாமல் வைத்துக்கொண்டார். அவர் மனைவிதான், குழந்தை இருக்கிற வீட்டில் இந்தச் சனியனை வைக்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். "சொன்னவர் வீட்டுலயே கொண்டுபோய் வைங்க." அப்படியாக இரண்டு குடும்பத்து டப்பாக்களும் தராசுக்காரர் வீட்டுச் சின்ன அறையில் வரிசை கட்டி நின்றன. ஜன்னலைச் சாத்தக் கூடாது. தீப்பெட்டி அந்தப் பக்கம் போகக் கூடாது. கொசுவத்திகூடக் கிடையாது, கொசுக்கள் அந்த அறையில் ராஜபோகமாக வாழ்ந்தன.

தராசுக்காரரின் மனைவி முடி வெட்டும் கடை வைத்திருந்தார். வாயில் கிளிப்பைக் கடித்துக்கொண்டே பேசுவதால், வீட்டிலும் பாதி வார்த்தை பல்லுக்கு நடுவிலிருந்துதான் வரும். கடை இருந்த கட்டடத்தை இடிக்கப்போகிறோம், காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வேறு இடம் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, வீட்டுச் சின்ன அறையிலேயே நாற்காலியைப் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தார். கண்ணாடி வந்து மாட்டியாயிற்று. நாற்காலி மட்டும் பாக்கி. சனிக்கிழமை முதல் வீட்டுக்கே வாருங்கள் என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்லியும் விட்டார். தலை வெட்ட வருகிறவர்கள் ஒரு வாரம் பொறுப்பார்கள், இரண்டு வாரம் பொறுப்பார்கள். மூன்றாவது வாரம் வேறு கடையில் உட்கார்ந்திருப்பார்கள். இத்தனை வருஷம் நின்றுகொண்டே சேர்த்த கூட்டம் அது.

"ஹேர் டிரையர் இல்லாம நான் எப்படிங்க தொழில் பண்றது? நீங்க அந்த ரூமுக்குள்ள டார்ச் லைட்டையே விட மாட்டேங்கறீங்க."

"அஞ்சு கிராம்மா. ஒரு டப்பாவுக்கு அஞ்சு. மொத்தமா கூட்டிப் பாரு."

"நான் எதுக்குக் கூட்டணும்? சனிக்கிழமை அந்த ரூம்ல என் நாற்காலி இருக்கணும், இல்லன்னா உங்க அஞ்சு கிராம் இருக்கணும். எது கனம்னு நீங்களே நிறுத்துப் பாத்துக்குங்க."

தராசுக்காரருக்கு மனைவி சொல்வது நியாயம் என்று தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மா கேட்டது இந்த ஓர் அறைதான் என்பதும் தெரியும். ஆனால் ஓட்டை போடும்போது தகரத்தில் இரும்பு உரசி ஒரு பொறி கிளம்பினால்? உள்ளே கேஸ் இருக்கிறது என்று தராசு சொன்ன பிறகு குத்துவதற்கு அவருக்குக் கை வரவில்லை. சரி, சனிக்கிழமைக்குள் ஒவ்வொன்றாகக் கெஞ்சிக் கூத்தாடியாவது காலி செய்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

அந்த வாரம் முழுக்க அவர் பட்ட பாட்டைப் பார்க்கக் கண் இரண்டும் போதவில்லை. பட்டறையில் ஓர் அக்குளில் டப்பாவோடு ஸ்குரு முடுக்கினார். தொலைக்காட்சி பார்க்கும்போது இரண்டு அக்குளிலும் இரண்டு. மனைவிதான் காபியை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நன்றாகச் சூடேறியதும் துள்ளிக் குதித்துக் கொல்லைக்கு ஓடி, அடுப்பில் மாட்டி, டிக் டிக் என்று தட்டுவார். ஒன்றும் பற்றாது. வெயில் காட்டலாம் என்று தோன்றியது. ஆனால் கேஸ் டப்பாவை வெயிலில் வைக்கக் கூடாது என்று அதன் முதுகிலேயே எழுதியிருக்கிறது. அதனால் மடியில் ஒரு டப்பாவை வைத்துக்கொண்டு, தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு, வெயில் கொஞ்சம் படவும் வேண்டும் அதிகம் படவும் கூடாது என்று குடையை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்திருந்தார். மாடியிலிருந்து பார்த்த மருந்துக் கடைக்காரரின் மனைவி குழந்தையிடம், "அதோ பாரு, தாத்தா அடை காக்குறாரு" என்று காட்டினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அதிசயம் நடந்தது. ஜன்னல் ஓரத்து டப்பா ஒன்றைத் தராசில் வைத்தார். அடியில் எழுதிய எண்ணும் தராசு காட்டிய எண்ணும் அச்சாக ஒன்று. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சுத்தமாகக் காலி. பக்கத்து டப்பாவும் காலி. அதற்கடுத்ததும் காலி. சுவர் ஓரத்து டப்பாக்கள் மட்டும் பழையபடி ஐந்தில் நின்றன. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"இந்தா, ஓடி வா! ஜன்னல் பக்கம் இருந்ததெல்லாம் இறங்கிடுச்சு! காத்தும் வெளிச்சமும்தான் மருந்து. நான் அக்குள்ல வெச்சது தப்பு. சுவர் ஓரத்துல இருக்கறத இன்னிக்கே இந்தப் பக்கம் மாத்தி வெச்சா..."

மனைவி உள்ளேயிருந்து வந்தார். மறுநாளைக்குத் தலைக்குச் சாயம் கரைத்து வைத்துக்கொண்டிருந்தார், விரலெல்லாம் கறுப்பு. வாயில் கிளிப். "ஜன்னல் பக்கம் இருந்ததுலதாங்க மூடி எடுத்தேன்."

"என்ன மூடி?"

"பிளாஸ்டிக் மூடிதான். சாயம் கரைக்கச் சின்னக் கிண்ணம் வேணும்ல? அளவா இருந்துச்சு. கோவிச்சுக்காதீங்க, கழுவித் தந்துடறேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சமையல் மேடைமேல் இருந்த மூடிகளில் சாயம் படாத ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். இடுக்கி தேடவில்லை, விரலாலேயே எடுத்தார். தராசில் வைத்தார். மூச்சை அடக்கிக்கொண்டார். ஐந்து கிராம் காட்டியது.

ஊரில் உள்ள கூடை, பை, பெட்டி, போர்வை அத்தனையையும் கழிக்கச் சொன்ன மனிதர், தன் கையாலேயே இறுகத் திருகிய மூடியைக் கழிக்க மறந்திருக்கிறார். அதுவும் ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. முகம் சுண்டிப்போய், அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவி அவர் எதிரில் சிரிக்கவில்லை. சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தார். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. வெளியே வந்தபோது கண்ணெல்லாம் ஈரமாக இருந்தது. ஆனாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கறுப்பு விரல் படாமல் புறங்கையால் அவர் தோளைத் தொட்டார்.

சாயங்காலம் இருவரும் தங்கள் டப்பாக்களைக் கொல்லையின் கடைசிக்குக் கொண்டுபோனார்கள். பக்கத்தில் நெருப்பு, பீடி, வண்டி எதுவும் இல்லை என்று அவர் மூன்று பக்கமும் நடந்து பார்த்துவிட்டு வந்தார். அடுப்பை மாட்டித் திறந்து, ஒரு முனகல்கூட வரவில்லை என்று காது வைத்துக் கேட்டார். உறை பிரித்த கருவியை டப்பாவரை கொண்டுபோய் நிறுத்திவிட்டார். மனைவிதான் வாங்கிக் குத்தினார். சீற்றமும் இல்லை, வாசனையும் இல்லை. வருஷக்கணக்காக அவர் காவல் காத்தது வெறும் காற்றை. ஒவ்வொன்றாகக் குத்திக் கோணியில் போட்டுக் கட்டினார்கள்.

மருந்துக் கடைக்காரரின் டப்பாக்கள் மட்டும் அறை மூலையில் மிச்சம். ஊரான் பொருளைக் கேட்காமல் குத்த முடியாது. கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால்? ஊரிலேயே அதிகத் தராசு வைத்திருப்பவர் அந்தத் தம்பிதான். மாத்திரைக்குப் பொடி நிறுக்கிற நுண்தராசுகூட இவர் வில்லையை நம்பித்தான் ஓடுகிறது. ஒரு மூடியைக் கழிக்கத் தெரியாதவரா என் தராசைப் பார்த்தார் என்று ஒரு நிமிஷம் அவர் நினைத்துவிட்டால் போதும், ராத்திரிக்குள் தெரு முழுக்க நினைத்துவிடும்.

"நீங்க எதுக்குச் சொல்றீங்க? நல்ல வெயில், தானா காலியாயிடுச்சுன்னு சொல்லிடுங்க. நானும் வாயத் திறக்க மாட்டேன்," என்றார் மனைவி. முடி வெட்டும் கடைக்காரர் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்வது சாதாரணத் தியாகம் இல்லை.

யோசனை அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "அப்படிச் சொன்னா அவன் அத அப்படியே நம்பிடுவாம்மா. அடுத்த தடவை நிஜமாவே கேஸ் இருக்கற டப்பாவக் கொண்டுபோய் மொட்டை மாடி வெயில்ல வெச்சிடுவான். நானாவது குடை பிடிச்சேன்."

"அப்ப சொல்லப் போறீங்களா?"



சனிக்கிழமை காலையில் நாற்காலி வந்தது. இரண்டு சுமைதூக்கிகள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படியேற, மருந்துக் கடைக்காரர் முன்னால் நின்று, "லெஃப்ட்டு, லெஃப்ட்டு, சுவர் சுவர்!" என்று மேற்பார்வை பார்த்தார். பின்னாலேயே, தலையில் துண்டு சுற்றிய வாடிக்கைக்கார அம்மா ஒருவர் இப்போதே வந்துவிட்டார். அவர் காதில் ஒரு சேதி விழுந்தால் போதும், வேறு யாரும் ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. அறை வாசலில் நாற்காலி நின்றுவிட்டது. வாசலை ஒட்டிய மூலையில் டப்பாக்கள் இருந்த அட்டைப்பெட்டி வழியை மறித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, என்னோடது இன்னும் இறங்கலையா?" மருந்துக் கடைக்காரர் பெட்டியைப் பார்த்துச் சங்கடப்பட்டார். "இத இப்ப நான் எங்க கொண்டுபோறது? வீட்டுக்குள்ள விட மாட்டா. நீங்க அந்தக் கொல்லையில குடை பிடிச்சு ஏதோ வைத்தியம் பண்ணீங்களே, அதையே நானும்..."

"ஆமா தம்பி, நேத்து அடிச்ச வெயில்ல பாருங்க..." என்று மனைவி முந்திக்கொண்டு ஆரம்பித்தார்.

"இரும்மா," என்றார் தராசுக்காரர்.

பெட்டியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். அடியில் தன் கையெழுத்தில் இருந்த எண்ணை உரக்கப் படித்தார். மேசைமேல் இருந்த தராசில் டப்பாவை வைத்தார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். சுமைதூக்கிகள்கூட நாற்காலியை இறக்கி வைத்துவிட்டுக் கழுத்தை நீட்டினார்கள்.

"அதே அஞ்சு கூட!" மருந்துக் கடைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. துண்டு சுற்றிய அம்மாவிடம் திரும்பி, "அண்ணன் சொன்னா சொன்னதுதாங்க. மில்லி கூடத் தப்பாது" என்றார்.

தராசுக்காரர் டப்பாவின் தலையிலிருந்த கறுப்பு மூடியைத் திருகிக் கழற்றினார். எண் இறங்கி நின்றது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மருந்துக் கடைக்காரரின் கையைப் பிடித்து இழுத்து, மூடியை உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.